கேடி எங்கே நிற்க வேண்டும்?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஒன்பது ஹோலாவது முடித்துவிட வேண்டும் என்று சென்னையில் கோல்ஃப் ஆடுகிற எல்லோருக்கும் இருக்கும் அவசரம் எங்களுக்கும் இருந்தது. பந்தைத் தாங்கும் சின்னக் குச்சியான டீயைத் தரையில் குத்தி, பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டக்காரர்களுக்கு உதவியாக வரும் எங்கள் கேடி அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் இல்லை. பந்து விழ வேண்டிய புல்பாதையான ஃபேர்வேயின் வலது ஓரத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அதைத் தாண்டினால் முள் புதர், அப்புறம் சுற்றுச்சுவர். இடப்பக்கம் ஒரு மண்மேடு. அவர் மரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஹோல் முடிந்ததும், "என்னண்ணே, இன்னிக்கு மரத்தடியில நிக்கலையே?" என்று கேட்டேன்.

"பந்து எந்தப் பக்கம் போகும்னு தெரிஞ்சாத்தானே சார் நான் போய் நிக்க முடியும்? முன்னாடி தெரியும். இந்தப் புது டிரைவர் வந்ததுல இருந்து தெரியல."

குறையாக அவர் சொல்லவில்லை. இருந்த நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்த மைதானத்தில் பந்து பார்ப்பவர். முன்னால் போய் நின்று, விழுகிற இடத்தைக் கண்ணால் பிடித்து வைப்பதுதான் அவர் வேலை. அதற்கு அவர் ஒவ்வொரு ஆட்டக்காரரின் அடியையும் மனத்தில் வைத்திருப்பார். என் அடி அவர் மனத்திலிருந்து அழிந்துபோயிருந்தது.

கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் நீளமானது, தலை பெரியது, முதல் அடியைத் தூரமாக அடிப்பதற்கானது டிரைவர். விலையும் அதற்குத்தான் அதிகம். அதனால் வாங்கும்போது மனசு எதைக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை: தூரம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். கடையில் வலைக்கு முன்னால் நின்று அடித்தபோது திரையில் ஒருமுறை 256 யார்டு என்று வந்தது. பழைய டிரைவரில் நான் பார்த்திராத எண். அன்று இருபது பந்து அடித்திருப்பேன். கடைக்காரரும் நானும் பேசியது அந்த ஒரு பந்தைப் பற்றி மட்டும்தான். மற்ற பத்தொன்பதும் திரையில் வந்து மறைந்தன. பந்தைக் குறைவாகச் சுழலவிடும் ஹெட் (மட்டையின் தலை), 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), 45.75 அங்குல ஷாஃப்ட் (தண்டு). பணத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கேடி அண்ணன் சொன்ன அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். ஒன்பது ரவுண்டு, ரவுண்டுக்கு டிரைவரில் 14 டீ ஷாட் (முதல் அடி), மொத்தம் 126. ஒவ்வொன்றும் எங்கே போனது என்று மட்டும் எழுதினேன். முடிவில் கூட்டிப் பார்த்தால் 19 பந்து சுவருக்கு வெளியே அல்லது புதரில் காணவில்லை. ஓ.பி., அதாவது பந்து எல்லைக்கு வெளியே, ஆனால் அடித்த அடியும் போச்சு, ஒரு அபராதமும் சேரும், மறுபடி அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும். பந்துக்கு இரண்டு என்று வைத்தால் 38. ரவுண்டுக்கு நாலு ஸ்ட்ரோக்குக்கு மேல் டீயிலேயே போய்க்கொண்டிருந்தது. இதே 126-இல், 256-ஐ நெருங்கிய பந்துகள் எத்தனை என்றும் எண்ணினேன். மூன்று.

தூரத்தைப் பற்றி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. டிரைவரின் முகம் எவ்வளவு ஸ்பிரிங் போல உந்தலாம் என்பதற்குக் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யூ.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏ.வும் எப்போதோ எல்லை வகுத்துவிட்டன. ஹெட்டின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஷாஃப்டின் நீளத்துக்கும் எல்லை உண்டு, 48 அங்குலம். 2022 ஜனவரியிலிருந்து தொழில்முறைப் போட்டிகளில் அதையும் 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் எல்லாமே அந்த எல்லையை ஒட்டித்தான் பல வருஷமாகத் தயாரிக்கின்றன. ஆக, மட்டையின் நடுவில் பட்ட பந்து போன வருஷ டிரைவரிலும் இந்த வருஷ டிரைவரிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கிளம்பும். "பத்து யார்டு கூடுதல்" என்பது வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். நீளமான ஷாஃப்டிலிருந்து வரலாம். சுழற்சியைக் குறைப்பதிலிருந்து வரலாம். இரண்டுக்கும் விலை உண்டு, அந்த விலையைத்தான் நான் 19 பந்துகளாகக் கட்டினேன்.

நீளமான ஷாஃப்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் பந்து உங்களை விட்டு இன்னும் தள்ளிப்போகிறது, அதை நடுவில் அடிப்பது கஷ்டமாகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வெள்ளைப்பலகையில் எழுதுகிற மார்க்கரை எடுத்து, பந்தில் காசு அளவுக்கு ஒரு புள்ளி தடவுங்கள். அந்தப் புள்ளி மட்டையைப் பார்த்து இருக்கும்படி டீயில் வையுங்கள். அடித்தால் மை அப்படியே மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பயிற்சி செய்யும் ரேஞ்சில் ஒரு பக்கெட் பந்து வாங்கி, நீல மார்க்கரோடு உட்கார்ந்தேன். பத்துப் பந்து அடித்துவிட்டு மட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, கோலம் போடத் தெரியாதவர் வைத்த புள்ளிகள் மாதிரி முகம் முழுக்க இறைந்து கிடந்தன. நான்கு, ஷாஃப்ட் பக்கமாக. இரண்டு, எதிர் ஓரத்தில். ஒன்று உச்சியில், பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டு. நடுவில் மூன்றே மூன்று.

எனக்கு எல்லாவற்றையும் விட அந்தப் பத்துப் புள்ளிகள்தான் புரியவைத்தன. திரையில் எண்ணைப் பார்க்கும்போது "சரியா அடிபடல, அடுத்தது பார்க்கலாம்" என்று மனசு தேற்றிக்கொள்கிறது. புள்ளி அப்படி விடாது. அழிக்கும் வரை அங்கேயே இருக்கும்.

ஓரத்தில் பட்டால் என்ன ஆகும்? ஹெட் திருகிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்கு நுனிப் பக்கம் பட்டால் பந்து இடப்பக்கம் வளையும், ஷாஃப்ட் பக்கம் பட்டால் வலப்பக்கம் வளையும். அதற்காகத்தான் டிரைவரின் முகத்தை லேசாகக் குவிந்தாற்போல் செய்கிறார்கள். ஓரத்தில் பட்ட பந்து கொஞ்சம் வெளியே கிளம்பி உள்ளே திரும்பி வரட்டும் என்று. கூடவே வேகமும் போகும். என் மட்டையின் வேகம் மணிக்கு 95 மைல் சுமார். நடுவில் பட்டால் பந்து 140 மைலில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் 130 ஆகிவிடும். அந்தப் பத்து மைல் ஏறக்குறைய இருபது யார்டு. ஷாஃப்டை ஒரு அங்குலம் நீட்டினால் கிடைக்கிற லாபத்தைப் போல இது பல மடங்கு.

இந்தத் திருகலுக்கு ஈடுகொடுப்பதைத்தான் பள்ளிக்கூட இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோம். கோல்ஃப் ஆடுகிறவர்கள் எம்.ஓ.ஐ. என்பார்கள். எடையை ஹெட்டின் பின்பக்கம், ஓரங்களில் வைத்தால் அது கூடும். எடையை முன்னால், முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் சுழற்சி குறையும், ஆனால் எம்.ஓ.ஐ. குறையும். என் டிரைவர் இரண்டாவது வகை. கிடைமட்டத் திருகலுக்கு விதியில் 5,900 என்று உச்சவரம்பு உண்டு. 2024-இல் டெய்லர்மேடும் பிங்கும் "10கே", அதாவது பத்தாயிரம், என்று விளம்பரப்படுத்தியபோது சிலர் குழம்பிப்போனார்கள். அது கிடைமட்டம், செங்குத்து இரண்டு அச்சுகளையும் கூட்டிச் சொன்ன எண். எண் எப்படி இருந்தாலும் விஷயம் உண்மை. அந்த மாதிரி ஹெட்டுகளில் ஓரத்தில் பட்ட பந்து ரொம்பக் கெட்டுப்போவதில்லை.

ஆனால் எம்.ஓ.ஐ. எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். டிரைவரில் பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. ஒரு டிகிரி தப்பினால் 220 யார்டில் நாலு யார்டு விலகும். நாலு டிகிரி என்றால் பதினைந்து. அதற்கு மேல் வளைவு வேறு. முகம் திறந்தே வந்தால் எந்த ஹெட்டும் காப்பாற்றாது. அங்கே உதவுவது லாஃப்ட். லாஃப்ட் கூடினால் பந்து பின்னோக்கி அதிகம் சுழலும், அதே தப்புக்குப் பக்கவாட்டில் வளைவது குறையும். 9 டிகிரி வைத்துக்கொள்வது ஒரு கௌரவம் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். 95 மைல் வேகத்துக்கு 9 டிகிரி தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. 10.5 அல்லது 11.5-இல் பந்து நன்றாக எழும்பும், காற்றில் அதிக நேரம் இருக்கும், நேராகவும் போகும்.

சரி, என்ன செய்தேன்? உடனே வேறு டிரைவர் வாங்கவில்லை. முதலில் செலவில்லாத காரியம். கைப்பிடியான கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இரண்டு வாரம் ஆடினேன். யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பந்தை அளக்கும் கருவியான லாஞ்ச் மானிட்டர் இருக்கிற ரேஞ்சில் மணிக் கணக்கில் இடம் எடுத்து, முன்பு இருபது, பின்பு இருபது என்று அடித்துக் குறித்துக்கொண்டேன். எந்தப் பந்தையும் "இது கணக்கில்லை" என்று விடவில்லை. அதுதான் இதில் முக்கியம். இடது கோடிப் பந்துக்கும் வலது கோடிப் பந்துக்கும் நடுவே முதலில் 71 யார்டு. இறக்கிப் பிடித்தபோது 58.

அப்புறம்தான் ஹெட்டை மாற்றினேன். முந்தைய தலைமுறை ஹெட், எடை பின்னால் உள்ளது, பழையதாக ஒருவரிடமிருந்து பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. 10.5 டிகிரி. கழுத்தில் இருக்கும் திருகை மாற்றி ஒரு டிகிரி கூட்டினேன். அப்படிக் கூட்டும்போது முகமும் லேசாக மூடிக்கொள்ளும். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளைவது) அடிக்கிறவர்களுக்கு அது நல்லது, ஹூக் (இடப்பக்கம் வளைவது) அடிக்கிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஷாஃப்டை வெட்டுவதற்கு மட்டை பழுதுபார்க்கிற ஒருவரிடம் போனேன். சின்னக் கடை, உள்ளே போனால் கரைப்பான் வாசனை. கிரிப்பைக் கத்தியால் கீறி உரித்தார். அளந்து, மாஸ்கிங் டேப் சுற்றி, கோடு போட்டு, சுழலும் வட்டில் வைத்துக் கைப்பிடிப் பக்கம் ஒரு அங்குலம் எடுத்தார். கார்பன் தூள் கறுப்பாகப் பறந்தது. புது கிரிப் போட்டதும் என் கையில் கொடுத்து, "ஆட்டிப் பாருங்க" என்றார். ஹெட் இருப்பதே தெரியவில்லை, வெறும் குச்சியை ஆட்டுகிற மாதிரி இருந்தது. ஆட்டும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரியும் என்று அளக்கிற தராசில் வைத்துக் காட்டினார். வெட்டுவதற்கு முன் டி3 காட்டிய முள் சி7-க்கு இறங்கியிருந்தது. அரை அங்குலத்துக்கு மூன்று புள்ளி, ஒரு அங்குலத்துக்கு ஆறு. ஒரு புள்ளியைத் திரும்பப் பெற ஹெட்டில் சுமார் இரண்டு கிராம் ஏற்ற வேண்டும். பின்பக்கத் திருகு எடையைக் கழற்றி ஆறு கிராம் கூடுதலான ஒன்றை மாட்டினார். மீதிக்கு ஈயப் பட்டையைக் கத்தரித்து, அடிப்பகுதியில் விரலால் அழுத்தி ஒட்டினார், நாலு கிராம். டி2-இல் நின்றது. மறுபடி ஆட்டினேன், ஹெட் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. ஷாஃப்டை வெட்டிவிட்டு எடையைச் சரிசெய்யாமல் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. வெட்டியது பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுபடி அதே ரேஞ்ச், அதே மார்க்கர், இருபது பந்து. காற்றில் பறந்த தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கடையில் வாங்கிய டிரைவரில் மிகச் சிறந்தது 228, சராசரி 201, மோசமானது 160. இப்போது சிறந்தது 222. சராசரி 207. மோசமானது 186. அகலம் 46 யார்டு. புள்ளிகளைத் திருப்பிப் பார்த்தேன், தண்ணீர் பாட்டில் மூடி இரண்டை அடுத்தடுத்து வைத்தால் முக்கால்வாசி மறைந்துவிடும். சிறந்த பந்தில் ஆறு யார்டு விட்டுக்கொடுத்து, மோசமான பந்தில் 26 யார்டு வாங்கியிருக்கிறேன்.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் உடனே, தூரமாக அடிப்பதற்குப் பெயர்போன அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போவைக் கொண்டுவருவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020-இல் விங்ட் ஃபுட் மைதானத்தில் யூ.எஸ். ஓப்பனை டிஷாம்போ ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். நான்கு நாளில் 56 ஃபேர்வேக்களில் அவர் பிடித்தது 23. பாதி கூட இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, தூரமாக அடிக்கிறவர்களுக்கே பொதுவாக லாபம் அதிகம் என்று காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிஷாம்போவின் தப்பிய பந்து புல்லில் கிடந்தது. கையில் குட்டை மட்டையான வெட்ஜ் வைத்துக்கொண்டு அவர் அதை எடுத்து அடிக்கலாம். என் தப்பிய பந்து சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் கிடந்தது.

அமெரிக்க ஆட்டக்காரர் கால்வின் பீட்டை நினைத்துக்கொள்வேன். சிறுவயதில் முழங்கை உடைந்து, இடது கையை முழுசாக நீட்ட முடியாதவர். 1981 முதல் 1990 வரை பத்து வருஷம் தொடர்ந்து அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஃபேர்வே பிடிப்பதில் முதல் இடம். 12 வெற்றிகள், அதில் ஒன்று 1985 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். டைகர் உட்ஸ் ஆரம்ப வருஷங்களில் மிகத் தூரமாக அடித்தபோது அவர் கையில் இருந்தது 43.5 அங்குல ஸ்டீல் ஷாஃப்ட். ரிக்கி ஃபவுலர் 2017 வாக்கில் அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டார். உலகத்திலேயே சிறந்த கைகள் சின்ன ஷாஃப்டைப் பிடிக்கும்போது, வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிற நமக்குக் கடையில் 45.75 அங்குலம் விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மைதானத்தையும் பார்க்க வேண்டும். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸில் ஃபேர்வேக்கு இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். உள்ளே போன பந்தை மறந்துவிட வேண்டியதுதான். 2025 அக்டோபரில் அங்கே ஆட வந்த ரோரி மெக்கில்ராய், உலகத்தின் மிகச் சிறந்த டிரைவர் ஆட்டக்காரர்களில் ஒருவர், அந்த வாரம் டிரைவரைத் தொடப்போவதில்லை என்று போட்டிக்கு முன்பே சொல்லிவிட்டார். அதே மைதானத்தில்தான் நம்முடைய எஸ்.எஸ்.பி. சௌரசியா 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸும் 2016-இல் இந்தியன் ஓப்பனும் வென்றார். ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். தூரமாக அடிப்பவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

அப்படியென்றால் டிரைவரை வீட்டில் வைத்துவிட்டு, அதைவிடக் குட்டையான 3-வுட்டில் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். ஆறு வாரம் அதையும் செய்தேன். பந்து தொலையவில்லை, உண்மை. ஆனால் இருபது யார்டுக்கு மேல் குறைந்தது. 8-அயர்னில் அடிக்க வேண்டிய இரண்டாவது அடியை அதைவிட நீளமான 6-அயர்னில் அடித்தேன், குழி இருக்கும் கிரீனைப் பிடிப்பது பாதியாகிவிட்டது. பிராடி சொல்வது அங்கே எனக்கே பலித்தது. அதனால்தான் தூரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. தூரத்தைச் சிறந்த பந்தில் அளக்காதீர்கள், இருபதையும் வைத்து அளங்கள் என்கிறேன். டிரைவர் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மோசமான ஐந்து பந்துகளைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு டிரைவர்களை அந்த ஐந்தை வைத்து ஒப்பிடுங்கள்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. எங்கள் குழுவில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேகம் 75 மைலுக்குள். அவர் பந்து எப்போதும் ஃபேர்வே நடுவில்தான். நான் ஷாஃப்ட் வெட்டியதைப் பார்த்து அவரும் வெட்டப் போனார். "வேண்டாம் சார், உங்களுக்கு இருக்கிற நீளமே இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டேன். அவருக்குத் தேவை லேசான ஷாஃப்ட், 12 டிகிரிக்கு மேல் லாஃப்ட், இன்னும் பத்து யார்டு. இப்போது அப்படி ஒன்றை வைத்து ஆடுகிறார், போன மாதம் பல வருஷம் கழித்து நாலு அடியில் முடிக்க வேண்டிய ஒரு பார்-4 ஹோலில் இரண்டாவது அடியில் கிரீன் ஏறினார்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஆடப்போனோம். தரை ஈரம், பந்து உருளாது. அதே ஹோல். டீயைக் குத்திவிட்டு நிமிர்ந்தேன். கேடி அண்ணன் வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அடித்தேன். பந்து கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பி, மரத்துக்கு இருபது அடி இடப்பக்கம் விழுந்து, ஈரத்தில் அங்கேயே நின்றது. அவர் மரத்தை விட்டு நகரவில்லை. கையை மட்டும் நீட்டி இடத்தைக் காட்டிவிட்டு, அடுத்தவர் பந்துக்காக டீயைப் பார்த்தார்.